தேடினால் கிடைக்காத டீச்சர்

லேப்டாப்பில் செம்பியனின் பெயரைத் தட்டியதும் இன்று புதிதாக இரண்டு செய்திகள் வந்து விழுந்தன. ஒன்றில் அவன் டி.வி. விவாதத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றதில் ஏதோ ஒரு கல்லூரியில் ரிப்பன் வெட்டினான். உம்மே ஹானி இரண்டையும் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்ததும் பச்சை மிளகாயைக் கடித்த மாதிரி வயிறு எரிந்தது.

இரண்டு பேரும் ஒரே துப்பறியும் அலுவலகத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று அவனுக்கு அடையாறில் கண்ணாடிக் கதவு போட்ட சொந்த ஆபீஸ், வாசலில் செக்யூரிட்டி. அவளுக்குத் தி.நகர் உஸ்மான் ரோட்டில் வளையல் கடைக்கு மேலே ஒரு மாடியறை, உள்ளே உதவிக்கு லூர்துசாமி.

"இன்னா மேடம், காலைல டிபனே அவரு மூஞ்சிதானா?" என்றான் லூர்துசாமி, வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

"தொழில் நிலவரம் பார்க்கிறேன்."

"தொழில் நிலவரத்துக்கு ஏன் அவரு நெத்தியப் பெருசு பண்ணிப் பாக்குறீங்க? முடி இன்னும் கொட்டல. நேத்தே பாத்துட்டோமே."

அதற்குள் கதவு தட்டப்பட்டது. வந்தவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. அழுது வீங்கிய கண்களை முகம் கழுவி மறைக்கப் பார்த்திருந்தாள்.

"என் பேர் அஸ்வினி. வீடு நொச்சிக்குப்பம். மயிலாப்பூர்ல ஸ்கூல் டீச்சர். என் பாடங்களைக் காணோம் மேடம்."

"பரீட்சை முடிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தான் லூர்துசாமி. ஹானி முறைத்ததும் வடையை வாயில் அடைத்துக்கொண்டான்.

அஸ்வினி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னாள். "பாடக்கடல்னு ஒரு வெப்சைட். கோபாலபுரத்துல ஒரு டிரஸ்ட் நடத்துது. டீச்சருங்க பாடத்தை வீடியோவா எடுத்து அதுல போடுவோம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடமா இருந்தாலும் லைப்ரரில உக்காந்து ஒரு வார்த்தை தட்டினா, அது சம்பந்தமான பாடம் வந்து நிக்கும். நாலு வருஷமா அறுபதுக்கு மேல போட்டிருக்கேன். கடல், மீன், காத்து, உப்பு... பொறந்து வளர்ந்ததே அதுலதானே. அந்த வெப்சைட்லயே அதிகமா பார்க்கிறது என் பாடத்தைத்தான்."

"இப்போ?"

"திங்கக்கிழமைலேர்ந்து தேடினா ஒண்ணைத் தவிர எதுவுமே வரலை. போன மாசம் ஒரு கோச்சிங் கம்பெனி என் பாடங்களை விலைக்குக் கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். ஆனா டிரஸ்ட் தலைவர் நெடுஞ்செழியன் சார், நான் வித்துட்டு இங்கேருந்து எடுத்துட்டேன்னு நினைக்கிறார். இன்னிக்கு மத்தியானம் பள்ளி நூலகங்களோட கூட்டமைப்புலேர்ந்து ஒரு குழு வருது. எல்லா மாவட்டத்துக்கும் பாடம் தயாரிக்கிற அணிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. என் பேர்தான் முதல்ல இருந்தது. 'நீயே விலகிக்கம்மா, அசிங்கமாகாம முடியும்'னு சொல்றார். திருடின்னு வாயால சொல்லலை, அவ்வளவுதான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "முதல்ல அடையாறுல செம்பியன் சார் ஆபீசுக்குப் போனேன் மேடம். காணாமப் போனது மீன் பாடம்னதும் ரிசப்ஷன்ல சிரிச்சுட்டாங்க."

உம்மே ஹானி லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். "இந்தக் கேஸை நான் எடுத்துக்கிறேன்."

"அந்தப் பேரச் சொன்னீங்க பாருங்க டீச்சர்" என்றான் லூர்துசாமி, "இனிமே நீங்களே வேணாம்னாலும் மேடம் உடாது."

அவன் தன் போனில் பாடக்கடலைத் திறந்து 'கடல்' என்று தட்டினான். "கடலை சாகுபடி வருது. கடலை மிட்டாய் வருது. தமிழ்மொழின்னு ஒரு டீச்சரோட கடல் வாணிபம் வருது. உங்களுது ஒண்ணும் இல்ல." பிறகு 'அஸ்வினி' என்று தட்டினான். ஒரே ஒரு பாடம் வந்தது. 'நிழல் ஏன் நீளுது?'

"அது ஒண்ணுதான் மிச்சம். ஏன்னு புரியலை" என்றாள் அஸ்வினி. "அதைப் பெருசா யாரும் பார்க்கிறதும் இல்லை."

ஹானி யோசித்தாள். "பழைய லிங்க் யார்கிட்டயாவது இருக்குமா?"

லூர்துசாமியின் அக்கா மகள் சாந்தோமில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பு வாட்ஸாப் குழுவில், பரீட்சைக்கு முன்னால் யாரோ அனுப்பிய லிங்க் கிடைத்தது. தொட்டதும் போனிலிருந்து அஸ்வினியின் குரல் கணீரென்று கேட்டது: "மீனு எப்படி மூச்சு விடுது, பாப்போமா?"

அஸ்வினி வாயைப் பொத்திக்கொண்டாள். "இருக்கு! அழியலை!"

"வித்திருந்தா அழிச்சிருப்பீங்க. இதை யாரோ ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்று எழுந்தாள் ஹானி. "கிளம்புங்க."

மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த தெருக்களில் சுற்றிச் சுற்றி, இரண்டு ஸ்கூட்டர்களில் மூவரும் கோபாலபுரம் போய்ச் சேர்ந்தார்கள். மாமர நிழலில் பழைய பங்களா. முன்ஹாலில் பெரிய போட்டோ ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நெடுஞ்செழியன் அஸ்வினிக்குப் பொன்னாடை போர்த்துகிறார். படத்தின் ஓரத்தில் தட்டை ஏந்திய இரண்டு கைகள். மணிக்கட்டில் அகலமான கறுப்புப் பட்டை வாட்ச். அந்தக் கைகளுக்கு உரிய முகம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

"கை மட்டும் வந்து வாழ்த்திட்டுப் போயிருக்குது போல" என்றான் லூர்துசாமி.

நெடுஞ்செழியன் மரியாதையான மனிதர். கோபத்தையும் மரியாதையாகவே காட்டினார். "நான் யாரையும் குற்றம் சொல்லலை. அவங்க பாடத்தை மாத்த அவங்க பாஸ்வேர்ட் வேணும், இல்லன்னா எங்க ஆபீஸ் ஆளுங்க மாத்தணும். அவங்க செய்ய மாட்டாங்க. கம்பெனிக்காரன் வந்து கேட்டதும் உண்மை. நான் வேற என்னன்னு நினைக்கிறது?"

"ஒளிச்சிருக்கிற விதத்தைப் பார்த்துட்டு நினைக்கலாமே சார்" என்றாள் ஹானி.

கம்ப்யூட்டர் அறையில் சித்தார்த்தன் இருந்தான். பாடக்கடலைக் கட்டியவன். அவனுக்குப் பக்கத்தில், குழுவைச் சந்திக்கப் பட்டுப்புடவையோடு வந்திருந்தாள் தமிழ்மொழி டீச்சர். நூலகர் ஜானகி, யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். அஸ்வினியின் கோப்பையை மட்டும் தனியாக நகர்த்தி, "உனக்குச் சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

"நம்ம தேடுபொறி சின்னது மேடம்" என்று விளக்கினான் சித்தார்த்தன். "வீடியோக்குள்ள போய்ப் பார்க்காது. தலைப்பையும் பார்க்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் தேடுசொற்கள்னு சில வார்த்தைகளை ஒட்டி வெச்சிருப்போம். டீச்சர் பேரும் அதுல ஒண்ணு. அந்த வார்த்தையைத் தட்டினாத்தான் பாடம் வரும். இப்போ அஸ்வினி மேடம் பாடத்துல ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் அந்த வார்த்தைகள் மாறியிருக்கு."

"யார் மாத்தினாங்கன்னு தெரியாதா?"

"அதைப் பதிஞ்சு வெக்கிற வசதி இதுல கிடையாது. மாத்தக்கூடியவங்க மூணே பேர். அந்தந்த டீச்சர், நான், ஜானகி மேடம். போன வாரத்து நகல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. பழையபடி ஆக்க அஞ்சு நிமிஷம் போதும். அவங்களே எடுத்திருக்காங்க, நீ தொடாதேன்னு சார் சொல்லிட்டார்."

தமிழ்மொழி டீயை உறிஞ்சினாள். "என்னையும் விசாரிங்க. எனக்குப் பொறாமை உண்டு. இவங்க வர்றதுக்கு முன்னாடி என் பாடம்தான் முதல்ல வரும். இவங்க பாடம் காணாமப் போன அன்னிக்குக் கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். ஆனா எனக்கு இவங்க பாஸ்வேர்ட் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"மீன் பாடத்துக்கு எல்லாம் கத்தரிக்காய்னு போட்டிருப்பேன்."

ஹானிக்குச் சிரிப்பு வந்தது. சித்தார்த்தனைப் பார்த்தாள். "நீங்க ஒளிக்கிறதா இருந்தா?"

"ஒரே வரி புரோகிராம்ல எல்லாத்தையும் அழிச்சிருப்பேன். ஒவ்வொண்ணா உக்காந்து தட்ட யாருக்குப் பொறுமை இருக்கு?"

"சரி, புதுசா என்ன போட்டிருக்கு? படி, லூர்து."

லூர்துசாமி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். "அலை பாடத்துக்கு... நீரியங்கியல். உப்புக்கு, படிகவியல். மீனுக்கு, நீர்வாழ் முதுகெலும்பிகளின் சுவாசவியல். யம்மா, இத்தச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மீனு செத்துக் கருவாடாயிடும் மேடம்! டீச்சர் பேரு கீற எடத்துல எல்லாம் ஸ்கூல் பேரு போட்டுகீது."

"தமிழ்மொழி மேடம், நீங்க பாருங்க. இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

தமிழ்மொழி ஆசையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அஸ்வினியின் பெயரில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க மாட்டோமா என்ற ஆவலில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகம் வாடிப் போனது. "ஒண்ணுகூட இல்லை. எல்லாம் சரியான வார்த்தை."

எல்லாம் சரி. ஒரு பிள்ளையும் தட்டமாட்டாத, ஒரு டீச்சருக்கும் சட்டென்று தோன்றாத, ஆனால் சுத்தமாகச் சரியான வார்த்தைகள். அப்படியென்றால் ஒரு பாடத்தை மட்டும் மாற்றாமல் விட்டது ஏன் என்று ஹானி யோசித்தாள்.

"நிழல் பாடத்தைப் போடுங்க. கடைசி வரைக்கும் பார்க்கணும்."

"அதுல ஒண்ணுமில்லை மேடம்" என்றாள் அஸ்வினி கூச்சத்தோடு. அவளுடைய பாடங்களில் அதுதான் சுமார். ஒரு குடை, ஒரு டார்ச் லைட், ஒரே விளக்கம் மூன்று தடவை. பாதியில் லூர்துசாமி கொட்டாவி விட்டான். பாடம் முடிந்து வணக்கம் சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்போது திரையில் இருந்த அஸ்வினி வெட்கத்தோடு ஒரு வாக்கியம் சொன்னாள். அதைக் கேட்டதும் ஹானி எழுந்துவிட்டாள்.

"நான் வர்றவரைக்கும் யாரும் எங்கயும் போகாதீங்க."

ஜானகியின் அறை பங்களாவின் பின்பக்கம் இருந்தது. அவள் புத்தக முதுகுகளில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் அகலமான கறுப்புப் பட்டை வாட்ச்.

"ஹால் போட்டோல இருக்கிற கை உங்களுதா மேடம்?"

ஜானகி தன் கையையே ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "கையாவது வந்திருக்கே" என்று சிரித்தாள்.

ஹானி எதிரே உட்கார்ந்தாள். "ஒருத்தர் பாடத்தை ஒளிக்கணும்னா அழிக்கலாம். இல்லன்னா தப்பு வார்த்தை போடலாம். இங்க ரெண்டும் நடக்கலை. ஒளிச்சவங்களுக்குப் பொய் எழுதக் கை வரலை. யாரும் தேடி வரமாட்டாத உண்மையாப் பார்த்து, ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டிருக்காங்க. அந்தப் பொறுமை சித்தார்த்தனுக்கு இல்லை. தமிழ்மொழி டீச்சர் கத்தரிக்காய்னு போட்டிருப்பாங்க. அஸ்வினிக்கு இதைச் செஞ்சு என்ன லாபம்? மிச்சம் ஒரு ஆள்தான்."

"யாரை வேணா சொல்லலாம். அது உங்க ஊகம்."

"நிழல் பாடத்தை மட்டும் ஏன் விட்டீங்க?"

எண் ஒட்டிய விரல் அப்படியே நின்றது.

"அதைக் கடைசி வரைக்கும் யாரும் பார்க்க மாட்டாங்க. நான் பார்த்தேன். 'என் பாடம் உங்களுக்குக் கிடைக்குதுன்னா அதுக்குக் காரணம் ஜானகி அக்கா. தேங்க்ஸ்க்கா'ன்னு அஸ்வினி சொல்றாங்க. அறுபதுல உங்க பேர் வர்றது அந்த ஒண்ணுலதான். அதை ஒளிக்க உங்களுக்கு மனசு வரலை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம். ஜானகி கையிலிருந்த எண் சீட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்தாள்.

"நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை சொன்னா. அதுவும் முதல் வருஷம். அவ வீடியோவை எடுத்து அனுப்பிடுவா, அதோட அவ வேலை முடிஞ்சுது. தேடுற பிள்ளை என்ன தட்டும்னு யோசிக்கிறது யாரு? 'மீன் மூச்சு'ன்னு தட்டும். 'மீனுக்கு மூக்கு இருக்கா'ன்னு தட்டும். மூணு சுழி போட்டு 'மீண்'னு தட்டும். அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கணும்னு தப்பையும் சேர்த்துப் போட்டு வெச்சவ நான். ராமநாதபுரத்துல கேட்டாங்க, தென்காசில கேட்டாங்க, 'அந்த டீச்சர் பாடம் எப்படி சார் தொட்டதும் வருது'ன்னு. சார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். என்னைத் தட்டு ஏந்தச் சொன்னார்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவ பாடத்தை நான் தொடலை. நான் குடுத்த வார்த்தையை நானே திருப்பி எடுத்துக்கிட்டேன். ஒரு வாரம். அவங்க தேடித் தவிக்கட்டும், அப்போ என் ஞாபகம் வரும்னு நினைச்சேன்."

ஹானி மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நான் தினமும் காலையில ஒருத்தன் பேரைத் தேடிப் பார்க்கிறேன் மேடம். அவன் கெட்டுப் போகணும்னு இல்லை. நான் இல்லாமலே அவனுக்கு எல்லாம் நடக்குதேங்கிறதுதான் தாங்கலை. அதனால நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அவன் மேல திருட்டுப் பட்டம் விழுந்திருந்தா நான் பேசாம இருந்திருக்க மாட்டேன்."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"எப்போ?"

கேட்டது ஹானி இல்லை. கதவருகே அஸ்வினி நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. வகுப்பறைத் தமிழ் அவளை விட்டுப் போய்விட்டிருந்தது.

"எப்போ சொல்றதா இருந்த? சார் என்னைத் திருடி மாதிரி பாத்துக்கினு இருந்தாரே, அப்போ நீ அங்கதான நின்னுக்கினு இருந்த? எனக்கு டீ குடுத்த. சக்கர கம்மின்னு ஞாபகம் வெச்சிக் குடுத்த! அக்கா அக்கான்னு உன்னாண்டதான வந்து அழுதேன். தலைய வேற தடவிக் குடுத்தியே, இன்னா மனுசி நீ?"

ஜானகியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வாசலில் கார்கள் வந்து நின்றன. அஸ்வினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குரலைத் திரும்பப் பிடித்துக்கொண்டாள். "வாங்க. குழு முன்னாடி உங்க வாயாலேயே சொல்லுங்க."

ஹானி தடுக்கவில்லை. தடுக்க அவளுக்கு உரிமையும் இல்லை.

குழுவுக்குத் தலைமை அஃப்சருன்னிசா என்ற பெண்மணி. பாதி வாழ்க்கையைப் பள்ளி நூலகங்களில் கழித்தவர். ஜானகி அவர் முன்னால் நின்று, அழாமல், சாக்குச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது நெடுஞ்செழியனின் முகம் சுண்டிப் போயிருந்தது. அஃப்சருன்னிசா அவரைப் பார்த்த பார்வையில், அவர் எழுந்து அஸ்வினியின் பக்கம் திரும்பினார். "தப்பு பண்ணிட்டேம்மா. கேட்டிருக்கணும்."

சித்தார்த்தன் சொன்னபடி ஐந்தே நிமிடத்தில் பழைய வார்த்தைகளைத் திரும்பக் கொண்டுவந்தான். அஃப்சருன்னிசா வேண்டுமென்றே மூன்று சுழி போட்டுத் தட்டினார். மீன் பாடம் முதலாவதாக வந்து நின்றது. தமிழ்மொழி டீச்சர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

"அணிக்கு நீங்கதான் தலைவர்னு நாங்க ஏற்கெனவே பேசி வெச்சிருந்தோம்" என்று அஸ்வினியிடம் சொன்னார் அஃப்சருன்னிசா. "அது மாறலை. ஜானகியை என்ன பண்றதுங்கிறது டிரஸ்ட் விஷயம். ஆனா நாளைக்கு உங்க அணிக்கும் ஒரு நூலகர் வேணும். அதனால உங்ககிட்ட கேக்கறேன்."

"வேலையை விட்டு நிறுத்திடலாம்" என்றார் நெடுஞ்செழியன் அவசரமாக.

அஸ்வினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் பாடத்துக்குக் கீழே ஜானகி யோசித்து யோசித்துச் சேர்த்த வார்த்தைகள் வரிசையாக நின்றன. மீன் மூச்சு. மீனுக்கு மூக்கு. தண்ணிக்குள்ள எப்படி. அவள் எடுத்த பாடத்தை விட அவை நீளம்.

"நிறுத்த வேணாம் சார்" என்றாள் கடைசியில். "இந்த மாதிரி யோசிக்க எனக்கு வராது. என் பாடம் எல்லாத்துலயும் என் பேருக்குப் பக்கத்துல அவங்க பேரைப் போடச் சொல்லுங்க. நாலு வருஷத்துக்கு முன்னாடியே போட்டிருக்கணும். அதைக் கேக்காதது என் தப்பு." திரையிலிருந்து திரும்பினாள். "ஆனா வேலைன்னா மட்டும்தான் இனி நான் அவங்ககிட்ட பேசுவேன். அக்கான்னு கூப்பிட என்னால முடியாது."

துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் குழுவோடு அடுத்த அறைக்குப் போனாள்.

வெளியே ஸ்கூட்டரைக் கிளப்பப் போன லூர்துசாமி, பின்பக்க ஜன்னலைப் பார்த்து நின்றான். ஹானியும் பார்த்தாள். ஜானகி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதல் பாடத்தைத் திறந்து, அஸ்வினியின் பெயருக்கு அடுத்த இடத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள். பார்த்தாள். அழித்தாள். மறுபடி தட்டினாள்.